ஹெலிகாப்டரிலிருந்து வால்சக்கர விமானத்துக்கு: மூன்று வழிகளில் உங்களுக்கு எது?

உச்சிப்புளி கடற்படைத் தளத்தில் சேதக் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்று மதுரையில் வீடு கட்டியவர், மும்பைக் கடலில் எண்ணெய்த் தளங்களுக்கு ஆள் ஏற்றிப் பறந்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வருபவர், ஆர்44 ஹெலிகாப்டரில் உரிமம் எடுத்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்பவர் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான். இறக்கை வைத்த சின்ன விமானம் ஓட்ட வேண்டும், அதுவும் கப், சிடாப்ரியா மாதிரி வாலில் சக்கரம் உள்ளது. நேரே அதிலேயே ஏறிவிடலாமா? மூக்கடியில் சக்கரம் உள்ள செஸ்னாவில் உரிமம் எடுத்துவிட்டுப் பிறகு மாறுவதா? முதலில் என்ஜின் இல்லாத கிளைடரில் கொஞ்ச நாள் பழகினால் என்ன?

“ஹெலிகாப்டர்காரருக்குக் கால் வேலை தெரியும், வால்சக்கரம் அவருக்குச் சுலபம்” என்று விமான நிலையங்களில் அடிக்கடி காதில் விழும். அதில் பாதிதான் சரி. கால்கள் உதவும், ஆனால் கைகள் ஏமாற்றிவிடும். ஆகவே எந்த வழி கைப்பழக்கத்தைக் குறைவாகக் குழப்புகிறது, எந்த வழி கால்களைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பணம், உரிமம், ஊர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

## வால்சக்கரத்தில் என்ன மாறுகிறது

வைக்கோல் ஏற்றிய டிரெய்லரை டிராக்டரில் முன்னால் இழுத்துப் போனால் அது தானாக நேரே வரும். அதையே ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் விலகினாலே விலகல் தானாகப் பெருகும். உடனே ஸ்டீயரிங்கைத் திருப்பாவிட்டால் மடங்கி நின்றுவிடும். மூக்குச்சக்கர விமானத்தில் எடையின் மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது, அதனால் தரையில் ஓடும்போது அது தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். வால்சக்கர விமானத்தில் எடையின் மையம் அந்தச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு விலகினால் பின்னால் உள்ள எடை முந்தி வரப் பார்க்கும். விட்டுவிட்டால் விமானம் சுற்றிக்கொண்டு, வெளிப்பக்க இறக்கை தரையில் உரசும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

ஹெலிகாப்டரில் அடியில் உள்ள ஸ்கிட் தரையில் பட்டு, தூக்குவிசையைக் கூட்டிக் குறைக்கும் கலெக்டிவ் நெம்புகோல் அடிவரை இறங்கியதும் வேலை முடிந்தது. இங்கே சக்கரம் தரை தொட்ட பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது, விமானம் முழுதும் நிற்கும் வரை அது முடிவதில்லை.

## அளவுகோல்கள்

### கைகள்

ஹெலிகாப்டரில் வலது கையில் போகும் திசைக்குச் சாய்க்கும் சைக்ளிக், இடது கையில் கலெக்டிவ். மேலே இழுத்தால் சக்தி, கீழே விட்டால் இறக்கம். விமானத்தில் த்ராட்டிலை முன்னால் தள்ளினால் சக்தி, பின்னால் இழுத்தால் அடக்கம். நிதானமாக இருக்கும்போது இதில் யாருக்கும் குழப்பம் வராது. இறங்கும்போது விமானம் துள்ளுகிறது, மறுபடி எழும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை நொடியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் கலெக்டிவ் இழுத்துப் பழகிய கை தானாக இழுக்கும். சக்தி வேண்டிய இடத்தில் என்ஜின் அடங்கிப்போகும்.

உட்காரும் இடமும் இதில் சேர்கிறது. பக்கத்தில் பக்கத்தில் அமரும் செஸ்னாவில் விமானி இடப்பக்கம் அமர்வார். இடது கை யோக் எனும் திருப்பும் பிடியைப் பிடிக்கும், வலது கை த்ராட்டிலைப் பிடிக்கும். அதாவது இரண்டு கைகளின் வேலையும் தலைகீழ். முன்னும் பின்னுமாக அமரும் கப், சூப்பர் கப், சிடாப்ரியா வகையில் வலது கையில் ஸ்டிக், இடது கையில் த்ராட்டில். ஹெலிகாப்டரில் பழகிய அதே கைகள், அதே இடங்கள். இந்த ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பல மணி நேரத்தைக் கை மாற்றத்துக்கே செலவிடுகிறார்கள்.

மூன்றாவது சங்கதி, தள்ளும் பழக்கம். ஆர்22, ஆர்44, பெல் 206 போன்ற இரண்டு பிளேடு ஹெலிகாப்டர்களில் சைக்ளிக்கை வெடுக்கென்று முன்னால் தள்ளவே கூடாது என்று முதல் வாரத்திலிருந்தே சொல்லி வளர்த்திருப்பார்கள். தள்ளியதும் எடையே இல்லாதது போன்ற நிலை வந்து, ரோட்டரின் தலை அதைத் தாங்கும் அச்சான மாஸ்டில் மோதும், அதில் உயிர் போகும். எனவே அந்தக் கை முன்னால் தள்ளத் தயங்கும். விமானத்தில் 300 அடியில் என்ஜின் நின்றால் உடனே மூக்கைக் கீழே தள்ளியாக வேண்டும். ஹெலிகாப்டர்காரர் அந்த நேரத்தில் செய்வது இடது கையைக் கீழே அழுத்துவது, விமானத்தில் அதனால் ஒரு பலனும் இல்லை. வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டாலிலிருந்து மீள்வதற்கும் இதே தள்ளல்தான் வேண்டும். ஹெலிகாப்டர் தன் கீழ்க்காற்றிலேயே அமிழும் வோர்டெக்ஸ் ரிங்கில் மாட்டும்போது சைக்ளிக்கை முன்னால் கொண்டுபோய் வேகம் எடுத்து வெளியே வருவோமே, அந்த நினைவைப் பிடித்துக்கொள்பவர்கள் இதைச் சீக்கிரம் கற்கிறார்கள்.

நான்காவது, ஃபிளேர், அதாவது தரை தொடுமுன் மூக்கைத் தூக்குவது. என்ஜின் உதவியில்லாமல் இறங்கும் ஆட்டோரொட்டேஷனில் மூக்கை நன்றாகத் தூக்கி வேகத்தைக் கொன்று, கடைசியில் சைக்ளிக்கை முன்னால் விட்டு ஸ்கிட்டைச் சமமாக்குவோம். அந்தக் கடைசி அசைவு வால்சக்கரத்தில் மூன்று புள்ளி இறக்கத்தைக் கெடுத்துவிடும். மூக்கு கீழே போய்ப் பிரதான சக்கரங்கள் முதலில் அடித்து விமானம் துள்ளும். தூக்கிய மூக்கை அப்படியே வைத்து, ஸ்டிக்கை வயிறுவரை கொண்டுவந்து, மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரை தொடும்வரை பிடித்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர் பழக்கத்தில் உயரத்தில் ஃபிளேர் செய்வதும் பொதுவான தவறு. கப்பில் பத்து அடி உயரத்தில் வேகம் செத்தால் அது கல் மாதிரி விழும். ஹோவர் செய்து அந்தரத்தில் நிற்க இங்கே வழியில்லை.

### பெடலின் திசை

இது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் பலர் இதைக் கேட்பதே இல்லை. ராபின்சன், பெல் வகைகளில் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். சக்தி கூட்டினால் இடது பெடல் வேண்டும். சேதக், சீட்டா, டாஃபின் போன்ற பிரெஞ்சு வழி வந்தவற்றிலும், எம்ஐ-17-இலும் ரோட்டர் கடிகாரத் திசையில் சுற்றும். அங்கே சக்தி கூட்டினால் வலது பெடல்.

லைகமிங், கான்டினென்டல் என்ஜின் வைத்த சின்ன விமானங்களில் சக்தி கூட்டினால் மூக்கு இடப்பக்கம் போகும், வலது பெடல் வேண்டும். அதாவது சேதக் ஓட்டியவருக்கு அவர் கால் சொல்வதே சரி, ஆர்44-காரருக்கோ கால் சொல்வது நேர்த் தவறு. ஓடுபாதையில் முழு த்ராட்டில் கொடுத்த நொடியில் இடது கால் தானாக அழுத்தினால் விமானம் புல்லுக்குள் போய்விடும். ஆர்44, பெல் பின்னணி உள்ளவர்கள் சக்தியை ஐந்து விநாடிக்குக் குறையாமல் மெதுவாகக் கூட்டிப் பழக வேண்டும். பழைய பயிற்சி விமானமான டைகர் மாத் ஓட்டும் வாய்ப்பு கிடைத்தால் அங்கே மறுபடி தலைகீழ். ஜிப்ஸி மேஜர் என்ஜின் எதிர்த்திசையில் சுற்றுவதால் இடது பெடல் கேட்கும்.

வால் தரையிலிருந்து எழும் நேரத்தில் இன்னொரு இழுப்பு வரும். சுழலும் ப்ரொப்பெல்லரின் அச்சைச் சாய்த்தால் விளைவு 90 டிகிரி தள்ளித் தெரியும். ரோட்டர் பாடத்தில் படித்த அதே ஜைரோ விதிதான். வாலைச் சடாரென்று தூக்கினால் மூக்கு இன்னும் இடப்பக்கம் பாயும். மெதுவாகத் தூக்கினால் காலுக்கு நேரம் கிடைக்கும்.

### பெடலின் பலம்

வால் ரோட்டர் பூஜ்ய வேகத்திலும் முழுப் பலத்தோடு வேலை செய்யும். விமானத்தில் பெடல் திருப்பும் வால் தட்டான ரடரோ காற்றோட்டத்தை நம்பியிருப்பது. இறங்கி ஓடும்போது வேகம் 40 நாட்டிலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) 20-க்குக் குறைகையில் ரடர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அதே நேரத்தில் வால்சக்கரத்தின் ஸ்டீயரிங் பிடி எடுக்க வேண்டும். அந்தப் பிடி வர வேண்டுமானால் ஸ்டிக் முழுதும் பின்னால் இருந்து வால் தரையில் அழுந்த வேண்டும். ஹோவரில் பழகிய கால் சின்ன அசைவுக்கே பதில் வரும் என்று எதிர்பார்க்கும். பதில் வராதபோது ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்தில்தான் கிரவுண்ட் லூப் தொடங்குகிறது. தட்டு, விடு, மறுபடி தட்டு என்பதுதான் இங்கே தாளம், அழுத்திப் பிடிப்பது அல்ல. விலகல் இரண்டு மூன்று டிகிரி தாண்டுவதற்குள் கால் போயிருக்க வேண்டும்.

ஹெலிகாப்டரில் ஓடியபடியே தரை தொடும் ரன்-ஆன் இறக்கம் நன்றாகச் செய்தவருக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஸ்கிட் ஓடும் திசைக்கு நேராக இருக்கப் பெடல், பக்கவாட்டு நகர்வைத் தடுக்க சைக்ளிக் காற்றை நோக்கி. குறுக்குக் காற்றில் ஒரு இறக்கையைத் தாழ்த்தி இறங்கும் முறை இதேதான். வெறும் மூக்குச்சக்கரம் மட்டும் ஓட்டியவருக்கு இதைக் கற்க நாளாகும்.

### இறக்கங்களின் எண்ணிக்கை, உரிமம்

வால்சக்கரத்தை மணிக்கணக்கில் அளப்பதைவிட முழுதும் நிறுத்திய இறக்கங்களில் அளக்க வேண்டும். தொட்டுவிட்டு எழும்பும் சுற்றுகளில் கடைசி 20 நாட் ஓட்டமே வருவதில்லை, கிரவுண்ட் லூப் நடப்பதோ அங்கேதான்.

உரிமம் பற்றி ஒன்று: இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் ஹெலிகாப்டர் உரிமமும் விமான உரிமமும் வேறு வேறு. ஹெலிகாப்டர் மணிகளில் எத்தனை செல்லும் என்பதை டிஜிசிஏ-விடம் எழுத்தில் வாங்கிய பிறகே பள்ளிக்குப் பணம் கட்டுங்கள். வாய்ச்சொல்லை நம்பித் தொடங்கி, நடுவழியில் மணி போதாமல் நின்றவர்கள் உண்டு.

## வழி 1: மூக்குச்சக்கரத்தில் உரிமம், பிறகு வால்சக்கரம்

செஸ்னா 152 அல்லது 172-இல் உரிமம் எடுத்து, அதன்பின் சில மணி வால்சக்கரம். இந்தியாவில் இதற்குத்தான் பள்ளிகள் கிடைக்கும். விமானத்தில் விளக்கு, ரேடியோ, கருவிகள் எல்லாம் உண்டு, இரவுப் பறப்பும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் கருவிப் பறப்பும் அதிலேயே முடியும். 172-க்கு 15 நாட், 152-க்கு 12 நாட் குறுக்குக் காற்று வரை தயாரிப்பாளர் செய்து காட்டியிருக்கிறார், அதனால் காற்றடிக்கும் நாட்களிலும் பாடம் அவ்வளவாக ரத்தாகாது. சிபிஎல் எனும் வணிக விமானி உரிமம்தான் குறிக்கோள் என்றால் இதைவிட நேரான பாதை இல்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு கால்களில் தெரியும். ஹோவரில் ஒவ்வொரு நொடியும் அசைந்துகொண்டிருந்த கால்கள், 172-இல் ஐம்பது மணி போனால் தரையில் ஓய்வெடுக்கப் பழகிவிடும். அது தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும் விமானம், கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் மன்னித்துவிடும். பிறகு வால்சக்கரத்துக்கு வரும்போது, கையில் இருந்த சொத்தைத் தொலைத்துவிட்டு மறுபடி வாங்க வேண்டியிருக்கும். கைகளும் இரண்டு முறை இடம் மாறும்: ஹெலிகாப்டரிலிருந்து செஸ்னாவுக்கு ஒரு முறை, செஸ்னாவிலிருந்து கப்புக்கு இன்னொரு முறை.

இந்த இழப்பைக் குறைக்க வழி இருக்கிறது. செஸ்னாவிலும் ஒவ்வொரு இறக்கத்திலும் மூக்குச்சக்கரத்தை முடிந்தவரை தரைக்கு மேலே வைத்திருங்கள். நடுக்கோட்டை இரண்டு பிரதான சக்கரங்களுக்கு நடுவே பிடியுங்கள். நிற்கும்வரை யோக்கைப் பின்னால் வைத்திருங்கள். பயிற்றுநர் “அவ்வளவு தேவையில்லை” என்றாலும் விடாதீர்கள்.

## வழி 2: நேரே வால்சக்கரத்தில்

முதல் மணியிலிருந்தே கப், சூப்பர் கப், சிடாப்ரியா. முன்பின் அமர்வில் கை மாற்றம் இல்லை. கால்கள் தூங்குவதில்லை. மெதுவான விமானம் என்பதால் நிலத்தோடு நெருங்கிப் பறக்கும் உணர்வு ஹெலிகாப்டர்காரருக்குப் பிடித்துப்போகும். 65 குதிரைசக்தி கப் மணிக்கு 15 முதல் 18 லிட்டர் விமான பெட்ரோல் (அவ்காஸ்) குடிக்கும். 152-க்குச் சுமார் 23 லிட்டர், ஆர்44-க்கு 55 லிட்டருக்கு மேல்.

ஹெலிகாப்டரில் நல்ல அனுபவம் உள்ளவருக்கு, வால்சக்கரத்தையே ஆரம்பத்திலிருந்து கற்பிக்கத் தெரிந்த பயிற்றுநர் கிடைத்தால், எங்கள் ஓட்டு இந்த வழிக்குத்தான். ஆனால் இதன் செலவுகள் விலைப்பட்டியலில் தெரியாது.

முதலாவது, கிடைப்பது. ஒரு காலத்தில் நம் நாட்டுப் பறக்கும் கழகங்களில் எச்ஏஎல் தயாரித்த புஷ்பக் விமானங்கள் இருந்தன. 1958-இல் முதலில் பறந்த அதில் வாலில்தான் சக்கரம். அந்தத் தலைமுறை விமானங்களோடு அதைக் கற்பித்தவர்களும் குறைந்துவிட்டார்கள். இன்று வெளிநாடு போவதுதான் பலருக்கு நடைமுறை வழி.

இரண்டாவது, கருவிகள். பழைய கப்பில் மின்சார அமைப்பே கிடையாது, ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். இரவு மணிகளும் கருவி மணிகளும் உரிமத்துக்குத் தேவைப்பட்டால் இன்னொரு விமானத்தை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, விபத்தின் விலை. கிரவுண்ட் லூப்பில் ஆளுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. விமானத்துக்கு ஆகும்: சக்கரக் கால் வளையும், இறக்கை நுனி உரசும், ப்ரொப்பெல்லர் தரையைத் தொடும். லைகமிங் என்ஜின் என்றால் ப்ரொப்பெல்லர் அடிபட்டதும் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கப் பல்சக்கரத்தையும் அதன் போல்ட்டையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறையின் 2004-ஆம் ஆண்டு ஆணை இருக்கிறது. ப்ரொப்பெல்லரில் சின்னக் கீறல்தானே என்று விட முடியாது. இன்ஷூரன்ஸ்காரர்கள் வால்சக்கர மணிகளைத் தனியாகக் கேட்பார்கள், உங்கள் 3,000 ஹெலிகாப்டர் மணி அங்கே அதிகம் பேசாது.

நான்காவது, தனிப் பறப்பு. இருவராகப் பயிற்சி தந்துவிட்டு, தனியாக வால்சக்கரம் தர மறுக்கும் பள்ளிகள் நிறைய. அமெரிக்காவில் ஏற்கெனவே அந்நாட்டு ஹெலிகாப்டர் உரிமம் உள்ளவர், தனியார் விமானி நிலையில் விமான வகையைச் சேர்க்க எழுத்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆனால் விமானத்தில் 10 மணி தனியாகப் பறந்தாக வேண்டும், செய்முறைத் தேர்வும் உண்டு. தனியாக விடாத பள்ளியில் அந்தப் பத்து மணியை வேறொரு மூக்குச்சக்கரத்தில்தான் முடிக்க நேரும். அப்படியானால் நீங்கள் தேர்ந்தெடுத்தது வழி 1-தான், பணம் மட்டும் வழி 2-க்கு. வால்சக்கரத்துக்கான தனிச் சான்றுக்கு அங்கே மணிக்கணக்கு கிடையாது. சாதாரண, குறுக்குக் காற்று எழும்பல் இறக்கம், பிரதான சக்கரங்கள் மட்டும் முதலில் தொடும் சக்கர இறக்கம், இறங்காமல் மறுபடி எழும்புதல் இவற்றில் தேறிவிட்டார் என்று பயிற்றுநர் கையெழுத்திட்டால் போதும்.

## வழி 3: கிளைடரில் தொடங்கி வால்சக்கரத்துக்கு

சாய்ந்து திரும்ப உதவும் இறக்கைத் தட்டான எய்லரானைத் திருப்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் போகும் குணம் ஹெலிகாப்டரில் கிடையாது. நீண்ட இறக்கை உள்ள கிளைடரில் அது அப்பட்டமாகத் தெரியும், ரடரையும் எய்லரானையும் சேர்த்துப் போடக் கால் தானாகக் கற்றுக்கொள்ளும். கப்பிலும் இதே குணம்தான். கிளைடரில் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிமேல் ஒரு கம்பளி நூல், அது நேராக இருக்க வேண்டும். அவ்வளவு எளிய ஆசிரியர். மறுபடி எழும்ப வழியில்லாததால் இறக்கத்தை ஒரே தடவையில் கணிக்கும் பழக்கமும் வரும்.

ஒரு பொறியை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கிளைடரில் இடது கையில் ஏர்பிரேக் நெம்புகோல் இருக்கும். இழுத்தால் தூக்குவிசை குறைந்து கீழே போகும். தரை நெருங்கும்போது கலெக்டிவை இழுத்து மெத்தென்று இறக்கிப் பழகிய கை, ஏர்பிரேக்கை முழுதும் இழுத்துவிடும். கிளைடர் தொப்பென்று விழும், முதுகெலும்பு அடி வாங்கும். முதல் சில இறக்கங்களில் ஏர்பிரேக்கைப் பாதியில் வைத்து, கையை அங்கேயே பூட்டி, ஸ்டிக்கை மட்டும் வைத்து இறங்குங்கள்.

நம் ஊர்க்காரருக்கு புணே ஹடப்சரில் உள்ள கிளைடிங் மையம் நினைவுக்கு வரும். கயிற்றைச் சுருட்டி இழுக்கும் எந்திரமான வின்ச்சில் ஏற்றினால் ஒரு சுற்று ஐந்தாறு நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் களத்தில் கயிறு இழுப்பது, இறக்கை பிடிப்பது, முறைக்காகக் காத்திருப்பது. மதுரையிலிருந்து ஒரு வாரம் போனால் கையில் வருவது சில மணிகளே. காசு குறைவு, நாள் அதிகம். என்ஜின் சக்தி மாறும்போது வரும் இழுப்பை இங்கே கற்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மூக்குச்சக்கரம் முதலில் | நேரே வால்சக்கரம் | கிளைடர் முதலில் |
|---|---|---|---|
| கைகள் | இரண்டு முறை மாறும் | முன்பின் அமர்வில் மாறாது | வலது கை அதே. இடது கையில் ஏர்பிரேக் பொறி |
| கால்கள் | தூங்கிப்போகும் | விழித்தே இருக்கும் | ரடர்–எய்லரான் சேர்க்கை நன்றாகப் பதியும் |
| காற்றால் ரத்து | குறைவு | அதிகம் | அதிகம் |
| சிபிஎல் நோக்கு | நேரான பாதை | வேறு விமானமும் தேவை | உதவாது |
| மறைசெலவு | பழக்கத்தைத் திரும்ப வாங்குவது | பழுது, இன்ஷூரன்ஸ், பயணம் | நாட்கள் |

## மதுரைக் காற்றும் வெயிலும்

எங்கே கற்றாலும் பிறகு இந்தப் பக்கம் பறப்பதாக இருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள். மதுரையின் ஓடுபாதை 09/27, கிழக்கு மேற்காக. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று 27-க்கு, அதாவது மேற்கு நோக்கி இறங்குபவருக்கு, பெரும்பாலும் நேர் எதிர்காற்று. அம்மியைப் பறக்கவைக்கும் காற்றாக இருந்தாலும் திசை நல்லது. ஆனால் இறங்கிய பிறகு தரையில் ஊர்ந்து செல்லும் டாக்சி பாதையில் திரும்பும்போது அது பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் அடிக்கும். எதிர்காற்றில் ஸ்டிக் பின்னால், எய்லரான் காற்றை நோக்கி. பின்காற்றில் ஸ்டிக் முன்னால், எய்லரான் காற்றுக்கு எதிர்ப்பக்கம். காற்று வரும் திசையில் மூக்கைத் திருப்பி வைத்துக்கொள்ளும் ஹெலிகாப்டர் வசதி இங்கே இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று. 050 டிகிரி திசையிலிருந்து 10 நாட் வந்தால் 09-இல் குறுக்குக் கூறு 6 நாட்டுக்கு மேல். புதிதாகக் கப் ஓட்டுபவருக்கு அது போதுமான வேலை. அந்த மாத ஈரக்காற்றில் கார்ப்புரேட்டரில் பனி படிவதும் உண்டு, 25 டிகிரி வெப்பத்திலும். இறங்குவதற்காக சக்தியைக் குறைக்கும் முன்பே, கார்ப்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் கார்ப் ஹீட்டை இழுத்துவிடுங்கள். டர்பைன் சேதக்கிலிருந்து வருபவர்கள் கார்ப் ஹீட், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை), மேக்னட்டோ (தீப்பொறி) சோதனை மூன்றையும் புதிதாகவே பழக வேண்டும். கார்ப்புரேட்டர் வைத்த ஆர்44 ஓட்டியவர்களுக்கு இது பழகியதுதான்.

சித்திரை வெயிலில் 40 டிகிரி என்றால், கடல்மட்டத்திலிருந்து 460 அடியே உயரமுள்ள மதுரையில் காற்றின் அடர்த்தி சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ளது போல ஆகிவிடும். மீட்டரில் அதே வேகம் காட்டினாலும் தரையில் ஏறக்குறைய 5 சதவீதம் வேகமாகத் தொடுவீர்கள். சுற்றிக்கொள்ளும் ஆற்றல் 10 சதவீதத்துக்கு மேல் கூடும். மதியம் காய்ந்த கண்மாய்களின் மேல் எழும் வெப்பக் காற்று 65 குதிரைசக்தி விமானத்தைப் பட்டம் மாதிரி ஆட்டும். காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். தார் ஓடுபாதை டயரை விடாமல் பிடிக்கும், புல்தரையோ கொஞ்சம் வழுக்க விட்டு மன்னிக்கும். மதுரையில் இருப்பது தார். செட்டிநாடு, கயத்தாறு பக்கம் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளங்கள் இருக்கின்றனவே என்று கேட்பவர்களுக்கு: அவை பயன்பாட்டில் இல்லை.

## யாருக்கு எது

தொழிலாக விமானம் ஓட்டப்போகிறவர், இரவு, கருவி மணிகள் வேண்டியவர், நாட்டுக்குள்ளேயே முடிக்க வேண்டியவர்: வழி 1. உரிமம் வந்ததும் வால்சக்கரத்துக்கு 10 மணி என்று பணத்தை அப்போதே ஒதுக்கி வையுங்கள். பொதுவாக 5 முதல் 10 மணி என்பார்கள், செஸ்னாவில் கால் தூங்கியிருந்தால் பத்து ஆகும்.

மன நிறைவுக்காகப் பறக்க விரும்புபவர், வெளிநாட்டில் ஒரு மாதம் தங்க முடிந்தவர், குறிப்பாக சேதக், சீட்டா, டாஃபின் பின்னணி உள்ளவர்: வழி 2. கையும் காலும் இரண்டும் சரியான திசையில் இருக்கும் ஆள் நீங்கள். ஆர்44, பெல் பின்னணியும் இதற்குத் தடையில்லை. முதல் ஐந்து மணி வலது பெடலுக்கே ஒதுக்க வேண்டும்.

பல ஆண்டுகள் பறக்காமல் இருந்தவர், கருவிகளை நம்பியே பறந்து வெளியே பார்ப்பதை விட்டவர், கையில் காசைவிட நாள் அதிகம் உள்ளவர்: வழி 3, பத்துப் பதினைந்து முறை ஏறி இறங்கினால் போதும்.

## பணம் கட்டுமுன் பள்ளியிடம் கேளுங்கள்

விமானத்தில் நான் எங்கே அமர்வேன், எந்தக் கையில் த்ராட்டில்? கப்பில் தனியாகப் பறப்பவர் பின்னிருக்கையில் அமர்வார், சிடாப்ரியாவில் முன்னிருக்கையில். பின்னிருக்கையிலிருந்து மூக்குக்கு முன்னால் எதுவும் தெரியாது, டாக்சி முழுதும் இடமும் வலமுமாக வளைந்து போக வேண்டும். காலடியில் கண்ணாடி வைத்துத் தரையைப் பார்த்துப் பழகியவருக்கு முதல் நாள் இது மூச்சு முட்டும்.

பிரேக் பாதநுனியிலா, குதிகாலிலா? குதிகால் பிரேக் என்றால் மெல்லிய அடி உள்ள காலணி வாங்கிக்கொள்ளுங்கள். பாதநுனி பிரேக் என்றால் குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, தெரியாமல் பிரேக் அழுத்தி மூக்குக் குத்த நிற்பது அங்கேதான் நடக்கிறது.

இறக்கங்கள் முழுதும் நிறுத்தியா, தொட்டு எழும்பியா? தனியாக விடுமுன் முழுதும் நிறுத்திய ஐம்பது இறக்கங்கள் என்பது எங்கள் அளவு. அதில் குறைந்தது பத்து குறுக்குக் காற்றில் இருக்க வேண்டும்.

என்ஜின் நிற்பதைப் பயிற்றுநர் எத்தனை முறை திடீரென்று செய்து காட்டுவார்? உங்கள் இடது கை கீழே போகாமல் வலது கை முன்னால் போகும்வரை என்று அவர் சொன்னால், ஹெலிகாப்டர்காரருக்குக் கற்பித்த கை அது. தனியாக வால்சக்கரம் தருவீர்களா, கிரவுண்ட் லூப் ஆனால் என் பங்கு எவ்வளவு என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள்.